உளியில் உள்ளதா இம்சை?

சூரியன் மறையுமுன் உணவை முடித்துக்கொண்டு அருங்கலச்செப்பு ஓதுவது என் தாயாரின் வழக்கம். அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அக்கம்பக்கத்தார் கோடரியோ கடப்பாரையோ இரவல் கேட்டால், “தப்பா நெனைக்காதீங்க, எங்க வீட்டுல அந்த வழக்கம் இல்லீங்க” என்று பணிவுடன் மறுத்துவிடுவார். இல்லறத்தார்க்குரிய அனர்த்ததண்ட விரதத்தில், ஊறு விளைக்கும் கருவிகளைப் பிறர்க்கு வழங்கும் ‘இம்சாதானம்’ விலக்கப்பட்டுள்ளது. சமந்தபத்திரர் தமது இரத்தினகரண்டகத்தில் கோடரி, வாள், மண்வெட்டி, நெருப்பு முதலியவற்றை இவ்வரிசையில் எண்ணுகிறார்.

“கோடாலி என்னம்மா பாவம் பண்ணுச்சு?” என்று சிறுமியாயிருந்தபோது கேட்டேன். அம்மா சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை. எழுபதைக் கடந்த பின்னர், அவ்வினா என்னிடமே திரும்பி வந்தது.

கருவி என்பது மனிதனோடு பிறந்தது என்றே கூறலாம். இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியுள்ள பல்லாவரத்தில், 1863 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள், நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அக்கல்லிலிருந்தே தொடங்கிற்று. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என 2011 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. நமது மரபோ, கற்பக மரங்கள் மறைந்து மக்கள் வாழ வகையறியாது கலங்கியபோது, ஆதிபகவன் அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிபம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தருளினார் என்று கூறுகிறது. சிற்பத்தைக் கற்பித்தவர் உளியை வெறுத்திருப்பாரா? திருநாதர்குன்றின் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் நாம் தரிசிப்பது உளியின் உதவியால் அன்றோ?

மாமல்லபுரத்தை அடுத்த ஒரு பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். மாணவர்களை ஐந்து ரதங்களுக்கு அழைத்துச் செல்லும்போது, முற்றுப்பெறாத அடிப்பகுதிகளைக் காட்டுவேன். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்த பல்லவர் காலச் சிற்பிகளின் உளித்தடம் அங்கே இன்றும் தெரிகிறது. ஊருக்குள் வந்தால் அதே ஓசை ஒவ்வொரு பட்டறையிலும் கேட்கும். கருங்கல்லில் உளி விரைவில் மழுங்கும். துருத்தி ஊதி, உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்து எடுப்பர். தோய்க்கும் பதம் தவறினால் முனை ஒடியும், அல்லது மடங்கும். உளி தீட்டும் அந்நேரமே சிற்பியின் கைக்கு ஓய்வு நேரமாகவும் அமைந்தது.

இப்பொழுது மின்சார வெட்டுக்கருவி வந்துவிட்டது. ஒரு வாரத்து வேலை ஒரு நாளில் முடிகிறது. உடன் எழும் புழுதியோ ஆளையே மறைக்கிறது. கருங்கல்லில் உள்ள சிலிக்கா நுண்துகளாகி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்னும் நோய் உண்டாகும். படிந்த துகளை அகற்றும் மருந்து இல்லை. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அது தொழில்நோயாகக் குறிக்கப்பட்டது. ஆயினும் வீட்டுத் திண்ணையிலும் கீற்றுக் கொட்டகையிலும் நடக்கும் வேலையை எந்தச் சட்டம் எட்டிப்பார்க்கும்?

இனி என் குற்றத்தைக் கூறுகிறேன். மறைந்த என் கணவரின் நினைவாக, எங்கள் ஊர் ஜினாலயத்திற்கு ஒன்றரை அடி உயரப் பார்சுவநாதர் திருவுருவம் ஒன்று செய்விக்க விரும்பினேன். என்னிடம் பயின்ற சிற்பி ஒருவரை அணுகினேன். அவர் மூன்று மாதம் கேட்டார். மகாவீர் ஜயந்திக்குள் வேண்டுமென்று நாற்பது நாளே கொடுத்தேன். விலையிலும் பேரம் பேசினேன். “சரிங்க டீச்சர், மெஷின் வெச்சு முடிச்சுத் தரேன்” என்றார். சொன்ன நாளில் சிலை வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் நின்று வெகுநேரம் இருமினார். மருத்துவர் கல்தூசி என்று கூறியிருப்பதாக அவர் மனைவி பின்னர் தெரிவித்தார்.

நாற்பது நாளில் வந்ததன்று அந்நோய். பல்லாண்டுப் புழுதியால் வந்தது. எனினும் அந்த நாற்பது நாள் என் கணக்கு. கோடரியை இரவல் தராத குடும்பத்தில் பிறந்த நான், அவர் கையில் வெட்டுக்கருவியை வைத்து முடுக்கியிருக்கிறேன். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்று கற்றவர்கள் அல்லவா நாம்?

அப்படியாயின் பழைய கருவி புனிதம், புதிய இயந்திரம் பாவம் என்று முடித்துவிடலாமா? அது எளிய விடை, உண்மையன்று. கையுளியிலும் தூசி உண்டு. உலைத்தீயிலும் உயிர்க்கு ஊறு உண்டு. காலமெல்லாம் சுத்தியல் பிடித்து மணிக்கட்டு தேய்ந்த முதியவர்கள் இயந்திரத்தை வாழ்த்துவதையும் கேட்டிருக்கிறேன். நீர் பாய்ச்சிக்கொண்டே கல்லை அறுத்தால் தூசி பெரிதும் அடங்கும். தக்க முகக்கவசமும் காக்கும். இவற்றுக்கு வேண்டுவன நேரமும் பணமும். நான் குறைத்தவை அவ்விரண்டுமே.

தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது கருவியைக் குறிப்பிடவில்லை. பிரமாதம் என்னும் கவனமின்மையால் உயிர்க்கு ஊறு நேர்வதையே குறிக்கிறது. அம்மா கூறாத விடை இதுவென்று கொள்கிறேன். கோடரி பாவம் செய்யவில்லை. அது எவர் கைக்குப் போகிறது, எதற்குப் போகிறது என்று எண்ணாமல் கொடுப்பதே பாவம். எண்ணாமல் வாங்குவதும் அவ்வாறே.

அச்சிற்பி தம் தந்தையின் உளியொன்றை எனக்கு அளித்துள்ளார். பழம்பொருள் வாங்குவோர் கேட்டும் கொடுக்காதது. அடித்து அடித்து அதன் தலை பூப்போல் விரிந்திருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் பெருமிதத்தினும் நாணமே மிகுகிறது. இன்று அவர் வேலைக்கு வேண்டிய நீர்க்குழாய்க்கும் கவசத்திற்கும் என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதி செல்கிறது. அது தானமன்று, கடன்.

திருப்பணி செய்யும் அன்பர்களே! சிலைக்கு நாள் குறிக்குமுன், எத்தனை நாள் வேண்டுமென்று சிற்பியைக் கேளுங்கள். அவர் கேட்பதைக் கொடுங்கள். அருகனின் திருவுருவம் எவ்வுயிர்க்கும் ஊறின்றி உருவாகட்டும்.