கருணையும் ஐயமும்: பாரிசவாத ஆய்வு எழுப்பும் அறவினா

துன்புறும் ஒருவரைக் கண்டவிடத்து இரங்குவதும், அத்துன்பத்தைக் களைய முற்படுவதும் மனித இயல்பின் உயர்ந்த கூறுகளாகப் போற்றப்படுகின்றன. ஆயின், இரக்கத்தினாற் செய்யப்படும் ஒரு செயல் அக்காரணத்தினாலேயே நன்மை பயக்குமா என்பது வேறொரு வினாவாகும். எண்ணத்தின் தூய்மையும் விளைவின் நன்மையும் எப்பொழுதும் சேர்ந்து வருவனவல்ல. இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் துறைகளுள் ஒன்று, பாரிசவாதத்தினால் தாக்குண்டோர் மீண்டெழுதல் பற்றியும், அவர்களுக்கு நேரும் பின்விளைவுகள் பற்றியும் நடைபெறும் மருத்துவ ஆய்வாகும்.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதனால் அல்லது வெடிப்பதனால் பாரிசவாதம் உண்டாகின்றது. காலையில் நடமாடிய ஒருவர் நண்பகலில் ஒரு கையும் காலும் செயலிழந்து கிடக்கின்றார். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மொழியாற்றலும் குன்றிவிடுகின்றது. முதல் நாளின் ஆபத்தைத் தாண்டியவரையும் வேறு இடர்கள் சூழ்ந்து நிற்கின்றன. அசைவற்ற காலின் நாளங்களிற் குருதி உறைந்து, அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே இறுதி நேரலாம். விழுங்கும் ஆற்றல் குன்றியமையால் உணவு மூச்சுக்குழாயினுட் புகுந்து நியூமோனியாவை விளைவிக்கலாம். படுக்கைப்புண்ணும் மனச்சோர்வும் பின்தொடரலாம். இத்தகையவரைக் கண்டு வாளாவிருத்தல் எந்த வைத்தியருக்கும் இயலாது. ஏதேனும் செய்தல் வேண்டும் என்ற உந்துதல் இங்கு இயல்பாகவே எழுகின்றது.

அவ்வுந்துதலின் வழி வந்தவற்றுள் ஒன்று, தொடை வரை நீண்ட அமுக்கக் காலுறையாகும். சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோரிடத்து அது குருதியுறைவைக் குறைத்தமையால், பாரிசவாத நோயாளருக்கும் அவ்வாறே உதவும் எனக் கருதப்பட்டுப் பல வைத்தியசாலைகளில் வழக்கமாக அணிவிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, பிரித்தானியா, இத்தாலி, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 2,518 நோயாளரை எழுமாற்று முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நோக்கியது. காலுறை அணிந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், அணியாதோருள் நூற்றுக்குப் பத்தரைப் பேருக்கும் தொடைப்பகுதி நாளங்களிற் குருதி உறைந்திருந்தது. அஃதாவது குறிப்பிடத்தக்க பயன் ஏதும் இல்லை. மாறாக, தோற்புண், கொப்புளம் முதலியன அணியாதோருள் நூற்றுக்கு ஒருவருக்கே தோன்ற, அணிந்தோருள் நூற்றுக்கு ஐவருக்குத் தோன்றின. அன்போடு அணிவித்த காலுறை புண்ணையே தந்தது.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் வியப்பூட்டுவது. நோயாளரை நெடுநாள் படுக்கையில் விடாது விரைவில் எழுப்பி நடமாடச் செய்தல் வேண்டும் என்பது பகுத்தறிவுக்கு இசைந்த கருத்து. 2015ஆம் ஆண்டில் முடிவு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரித்தானியா ஆகிய ஐந்து நாடுகளின் 2,104 நோயாளர் இடம்பெற்றனர். ஒரு குழுவினர் நோய் தாக்கிய 24 மணி நேரத்தினுள் எழுப்பப்பட்டு, அடிக்கடி மிகுதியான பயிற்சி அளிக்கப்பெற்றனர்; மறு குழுவினர் வழமையான பராமரிப்பைப் பெற்றனர். மூன்று மாதங்களின் பின், பிறர் துணையின்றி அன்றாடக் கருமங்களை ஆற்றவல்லோர் முதற் குழுவில் நூற்றுக்கு 46 பேராகவும், இரண்டாவது குழுவில் நூற்றுக்கு 50 பேராகவும் இருந்தனர். இதனால் நோயாளர் அசையாது கிடத்தலே நன்று என்பது பெறப்படாது. வழமையான பராமரிப்பிலும் பலர் முதல் நாளிலேயே எழுப்பப்பட்டனர். மிகுதியான ஊக்கம் மிகுதியான நன்மையாகாது என்பதே அதன் செய்தி.

மூன்றாவது, மனச்சோர்வுக்கு வழங்கப்படும் புளுஒக்செற்றின் என்னும் மருந்து பற்றியது. 2011இல் பிரான்சில் 118 பேரை மட்டும் கொண்டு நடைபெற்ற ஆய்வொன்று, அம்மருந்து செயலிழந்த உறுப்புகளின் மீட்சிக்கு உதவும் என்ற நம்பிக்கையை விதைத்தது. 2018இல் பிரித்தானியாவில் 3,127 பேரிடத்துச் செய்யப்பட்ட பெரிய ஆய்வில் அந்நம்பிக்கை நிலைபெறவில்லை. மனச்சோர்வு ஓரளவு குறைந்ததெனினும், எலும்பு முறிவுகள் கூடின. நோயாளரின் இயலாமை குறையவில்லை.

ஐயுறுதல் அனைத்தையும் மறுத்தல் அன்று என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. காலுறையைக் கைவிட வைத்த அதே ஆய்வாளர், கால்களைச் சுற்றிக் காற்றினால் இடைவிட்டு அமுக்கும் உறையை 2,876 பேரிடத்துச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டனர். குருதியுறைவு நூற்றுக்கு 12.1இலிருந்து 8.5 ஆகக் குறைந்தமை அதிற் புலப்பட்டது. பயனற்றதை விலக்கியதும் பயனுள்ளதைக் கண்டறிந்ததும் ஒரே ஐயமேயாகும்.

இங்ஙனமாயின் சோதனை அறத்தின் பாற்பட்டது என முடித்துவிடலாமா? அங்கேயே மறுதலையான வினா எழுகின்றது. எழுமாற்று முறையில், ஒருவர் எச்சிகிச்சையைப் பெறுவார் என்பதை வைத்தியரின் நுண்ணறிவன்றித் திருவுளச்சீட்டினை ஒத்த தற்செயலே தீர்மானிக்கின்றது. தன்னை நம்பி வந்த நோயாளரைத் தற்செயலின் கையில் ஒப்படைத்தல் முறையா? மனிதரை ஒருபொழுதும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது, நோக்கமாகவும் கொள்ளல் வேண்டும் என 1785இல் இம்மானுவேல் காண்ட் வகுத்த நெறியோடு இது பொருந்துமா? பின்வரும் நோயாளருக்காக இன்றைய நோயாளர் கருவியாக்கப்படவில்லையா?

இவ்வெதிர்ப்பு எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. நாற்சி வைத்தியரின் கொடுமைகளின் பின் 1947இல் உருவான நியூரம்பேர்க் நெறிக்கோவை, சோதனைக்கு உட்படுவோரின் மனமுவந்த சம்மதத்தை இன்றியமையாததென விதித்தது. எனினும் 1948இல் முடிவு வெளியான, காசநோய்க்குரிய ஸ்ரெப்ரோமைசின் பற்றிய புகழ்பெற்ற பிரித்தானிய ஆய்விற்கூட, மருந்து பெறாத குழுவினருக்குத் தாம் ஓர் ஆய்வில் இடம்பெறுவது அறிவிக்கப்படவில்லை. அன்று மருந்து அனைவருக்கும் போதாதிருந்தமையால் தற்செயலாகப் பகிர்தல் நீதியே எனப்பட்டது. ஆயினும் பகிர்வின் நீதி, மறைத்தலை நீதியாக்கிவிடாது.

பாரிசவாதத்தில் இச்சிக்கல் இரட்டிக்கின்றது. சம்மதம் தரவேண்டிய மூளையே இங்கு நோயுற்றுக் கிடக்கின்றது. சொல்லை இழந்தவரிடம் எவ்வாறு வினவுவது? நிமிடந்தோறும் மூளைக்கலங்கள் அழியுங்கால், உறவினரைத் தேடிக் காத்திருத்தல் எவ்வளவு இயலும்? சம்மதம் தரவியலாதோரை ஆய்வுகளிலிருந்து முற்றாக விலக்கிவிடலாம் என்பர் சிலர். அது காவல் போலத் தோன்றினும் கைவிடலே ஆகும். மிகக் கடுமையாகத் தாக்குண்டோரைப் பற்றிய அறிவே அதனாற் கிட்டாது போகும். அவர்கள் என்றென்றும் சோதிக்கப்படாத இரக்கத்திற்கு ஆளாகியே இருப்பர்.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் பிரீட்மன் 1987இல் ஒரு வழியைக் காட்டினார். இரு சிகிச்சைகளுள் எது சிறந்தது என்பதில் வைத்திய சமூகத்தினரிடையே நேர்மையான கருத்து வேற்றுமை நிலவும்வரை, எக்குழுவிற் சேர்க்கப்படினும் நோயாளருக்கு அநீதி இழைக்கப்படவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். வலிய வாதமே இது. எழுமாற்று முறையைச் சூதாட்டம் எனச் சாடுவோர், சான்றின்றி ஒரு சிகிச்சையை அனைவருக்கும் அளிப்பதும் சூதே என்பதை மறந்துவிடுகின்றனர். அச்சூதில் முடிவை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதொன்றே வேறுபாடு.

எனினும் இவ்வாதத்தின் பின்னும் ஒரு கடன் எஞ்சி நிற்கின்றது. விரைவில் எழுப்பப்பட்ட குழுவில் இடம்பெற்று, தன் கையால் உண்ணும் ஆற்றலை இழந்த ஒருவர் இருந்திருக்கலாம். மறு குழுவிற் சேர்ந்திருப்பின் தன் நிலை வேறாகியிருக்குமோ என அவர் வினவின், எவராலும் விடை கூற முடியாது. அவருக்கு எவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் பிறர் பெற்ற அறிவிற்கு அவர் விலை கொடுத்தார். அதனை ‘நூற்றுக்கு நான்கு’ என்ற எண்ணுள் மறைத்துவிடுதல் அறமாகாது.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபொழுது வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகியோரோடு நோயாளரையும் சேர்த்து, அவரையே முதலில் வைத்தார். நோயாளர் மருத்துவத்தின் பொருளல்லர், பங்காளர் என இதனை விரித்துக் கொள்ளலாம். அவ்வாறு கொள்ளின் ஆய்வாளரின் கடமைகள் தெளிவாகின்றன. பேசவல்லவரிடம் எளிய மொழியில் வினவுதல் வேண்டும். பேச இயலாதவிடத்து, அவர் எதை விரும்பியிருப்பார் என அறிந்த உறவினரிடம் கேட்டல் வேண்டும். சொல் மீண்ட அன்று, அவரிடமே மறுபடியும் கேட்டல் வேண்டும். அவர் மறுப்பின் அம்மறுப்பை ஏற்றல் வேண்டும். முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாயினும் மறையாது வெளியிடல் வேண்டும். காலுறை பயனற்றது என்ற செய்தி வெளிவராதிருந்தால், அதனைச் சோதிக்க உடன்பட்டோரின் கொடை வீணாகியிருக்கும்.

கருணையும் ஐயமும் ஒன்றையொன்று பகைப்பன என்ற எண்ணம் பொதுவாக உண்டு. கருணை நெஞ்சத்திற்கும் ஐயம் அறிவிற்கும் உரியன எனப் பிரிப்பதால் வரும் மயக்கம் அது. உண்மையில், தன் நற்செயல் பிறருக்குத் தீங்காகக்கூடும் என அஞ்சும் கருணையே ஐயமாக வடிவெடுக்கின்றது. அவ்வாறே, தன் சோதனைக்கு உடன்பட்டவர் மனிதர் என்பதை மறவாத ஐயமே கருணையாக நிலைக்கின்றது. செயலிழந்த கையைப் பற்றி நிற்பவருக்கு இவ்விரண்டும் வேண்டும்.