மண்டோர் கெல்லியும் ஓர் அம்மிக்கல்லும்

1916ஆம் ஆண்டு நியூயார்க்கில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டியபோது ஒரு பழைய கப்பலின் கருகிய கட்டைகள் தெரிந்தன. வேலையை மேற்பார்த்த ஜேம்ஸ் கெல்லி, நம்ம ஊர் கணக்கில் ஒரு மண்டோர், அதில் ஒரு பகுதியையாவது அறுத்து எடுக்க வைத்தார். 1613இல் எரிந்துபோன ‘டைகர்’ என்ற டச்சுக் கப்பலாக இருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். மீதி மண்ணுக்குள்ளேயே போனது. ரயில் ஓட வேண்டுமே! நகரத் தொல்லியல் இப்படித்தான், யாரோ ஒருவர் ‘கொஞ்சம் நிறுத்து’ என்று சொன்னதில் ஆரம்பித்தது.

1967இல் மெக்சிகோ நகரில் பினோ சுவாரெஸ் ஸ்டேஷன் கட்டும்போது காற்றுத் தெய்வமான எஹெகாட்லின் கோயில் கிடைத்தது. அதை அங்கேயே வைத்துச் சுற்றி ஸ்டேஷனைக் கட்டினார்கள். இன்றும் ரயில் மாறுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள்.

கோயில் என்றால் நிறுத்துவார்கள். அம்மிக்கு?

சுங்காய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலையில் இருந்தேன். லயத்து வீடுகள் எப்போதோ இடிக்கப்பட்டு, இப்போது செம்பனை. பேக்ஹோ ஓட்டும் அண்ணன் இறங்கி வந்து, “தம்பி, அம்மி கெடக்கு. கிட்டத்துலயே அடுப்புச் சாம்பலும் இருக்கு பாரு”ன்னார். மணி நாலு. மழை வரும்போல இருந்தது. கல்லை மட்டும் என் காரில் ஏற்றச் சொல்லிவிட்டுக் குழாயை இறக்கினோம்.

அப்போது நல்ல காரியம் செய்த திருப்திதான். அப்புறம்தான் உறுத்தியது. அம்மி அபூர்வப் பொருள் இல்லை, ஆயிரம் வீட்டில் இருக்கும். அது எந்த அடுப்புக்குப் பக்கத்தில், எந்த வாசலைப் பார்த்து, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதுதான் செய்தி. பால்மரம் வெட்டியவர்கள் டைரி எழுதி வைக்கவில்லை. அவர்கள் சமையலறையைப் பற்றி மண் எழுதி வைத்திருந்த பக்கத்தை நான் கிழித்துவிட்டு அட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். குழாயின் மட்டத்தை மில்லிமீட்டர் சுத்தமாகக் குறித்தவனுக்கு, கல் கிடந்த இடத்தை ஒரு போட்டோ எடுக்கத் தோன்றவில்லை.

ஒவ்வொரு அம்மிக்கும் வேலையை நிறுத்தினால் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் குழாய்க்காகக் காத்திருந்தவர்களில் அதே தோட்டத்தில் பிறந்தவர்களும் உண்டு. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது நாள்கணக்கில் தடை அல்ல, இருபது நிமிஷம். அதை யாரும் எனக்கு மறுக்கவில்லை. நான்தான் கேட்கவே இல்லை.

கல் இப்போது எங்கள் வீட்டுப் பின்வாசலில் இருக்கிறது. “கழுவி மிளகா அரைக்கலாமாடா?” என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.