க்ரூவ் எங்கே இருக்கிறது?

1969 நவம்பரில் ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழு சின்சினாட்டி நகரில் ‘ஃபங்கி டிரம்மர்’ பாடலைப் பதிவு செய்தது. பாட்டின் பிற்பகுதியில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்துவிட, டிரம்ஸ் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் மட்டும் சுமார் 20 விநாடி வாசிக்கிறார். அதில் சாகசம் ஏதும் கிடையாது. ஒரே நடையைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு சுற்றிச் சுற்றி வாசிக்கிறார், அவ்வளவுதான். பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டன. அதைக் கேட்பவரின் தலை தானாக ஆடத் தொடங்குகிறது. அப்படி ஆட்டிவைப்பதைத்தான் இசைக்காரர்கள் க்ரூவ் என்கிறார்கள். அது ஒலியில் இருக்கிறதா, கேட்பவரிடம் இருக்கிறதா என்று கேட்டால், காலத்தைப் பற்றிய ஒரு பழைய கேள்விக்குள் போய் நிற்போம். போனது இல்லை, வரவேண்டியது இன்னும் வரவில்லை, இப்போதைக்கோ நீளமே இல்லை. பிறகு எதை அளக்கிறோம் என்று புனித அகஸ்டீன் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் 11ஆம் பகுதியில் கேட்டார். மனத்தின் நினைவையும் எதிர்பார்ப்பையும் அளக்கிறோம் என்பது அவர் கண்ட விடை. க்ரூவ் அந்த விடையைத் திருத்தச் சொல்கிறது. இங்கே எதிர்பார்ப்பது உடல். பெரும்பாலும் பலரின் உடல் சேர்ந்து எதிர்பார்க்கிறது.

ஒலியிலேயே தேடியவர்களும் உண்டு. வாசிப்பவர்கள் ஒருவருக்கொருவர் மயிரிழை முன்பின்னாக விழும் பிசகல்களில்தான் இசையின் ஈர்ப்பு இருக்கிறது என்று 1987இல் இசை ஆய்வாளர் சார்லஸ் கெய்ல் எழுதினார். வசீகரமான கருத்து. ஜாஸில் பாஸ் வாசிப்பவர் சற்று முந்த, டிரம்ஸ் சற்றுப் பின்னால் சாய்வதையும், சாம்பாவின் கால் மாத்திரைகள் சம அளவில் விழாததையும், ஹிப்ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா வேண்டுமென்றே தடுமாற வைத்த டிரம் மெஷின் ஒலிகளையும் கேட்டவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். ஆனால் பிசகுதான் க்ரூவ் என்றால், கணினியில் தாறுமாறாகப் பிசகவிட்டாலும் அது வரவேண்டுமே? வருவதில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், எளிய டிரம்ஸ் நடை ஒன்றைத் துல்லியமாக நேர்செய்து கேட்கவைத்தபோது கேட்பவர்கள் அதற்கே கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். இயந்திரம் போல ஒலிப்பதையே கொள்கையாக வைத்திருந்த கிராஃப்ட்வெர்க் குழுவின் இசைக்கு டெட்ராய்ட் இளைஞர்கள் ஆடினார்கள். அங்கிருந்து டெக்னோ பிறந்தது. ஆக, பிசகு க்ரூவை வளர்க்கலாம், அதுவே க்ரூவ் ஆகிவிடாது.

எனக்குச் சரியாகப்படுவது வேறொரு இடம்: ஒலிக்காத தாளப்புள்ளி. மரியா விடெக்கும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தாளத்தின் வலுவான இடங்களைக் கொஞ்சம் காலியாக விட்டுத் தள்ளி வாசிக்கும் நடைகளே அதிகம் ஆடத் தூண்டின. எல்லா இடமும் நிரம்பியிருந்தாலும் ஆட்டம் குறைந்தது, எல்லாமே தள்ளிப்போனாலும் குறைந்தது. காலி இடத்தில் அடியைப் போடுவது கேட்பவரின் தலையும் காலும். கர்நாடக இசை ரசிகர்களுக்கு இது தெரியாததல்ல. பல கீர்த்தனைகள் சமத்தில் எடுப்பதில்லை. ஆதி தாளத்தின் முதல் தட்டு தொடையில் விழுகிறது, பாட்டு அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளி வருகிறது. அந்த மௌனத்தில் தாளத்தைச் சுமப்பவை முன்வரிசைக் கைகள். அதற்குப் பிறகு மிருதங்கம் சர்வலகுவில், அதாவது கணக்கு வழக்கில்லாத சீரான நடையில், ஓடும்போது, காலப்பிரமாணம் நிலைத்துவிட்டது என்று அரங்கம் முழுவதும் உணர்கிறது. (சபாக்களில் கைத்தட்டல் என்னவோ கணக்குக்கும் கோர்வைக்கும்தான். சர்வலகுவுக்குத் தலையாட்டலோடு சரி. கடினமானது சர்வலகுதான் என்பது என் கட்சி.) ஃபங்க்கும் கச்சேரியும் ஒன்றல்ல. ஒன்றில் சுற்று சிறியது, மாறாமல் வருவதே அதன் பலம். மற்றதில் ஆவர்த்தனம் நீண்டது, மேலே பாட்டு வளர்ந்துகொண்டே போகிறது. ஆனாலும் இரண்டும் கேட்பவருக்கென்று ஒரு வேலையை மிச்சம் வைக்கின்றன. தாள அறிவின் வேர் நடக்கும், மூச்சுவிடும், கை அசைக்கும் உடலில் இருக்கிறது என்று பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1998இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் வாதிட்டவர் ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன்.

அப்படியானால் க்ரூவ் வெறும் பழக்கம்தானே என்று ஒருவர் மறுக்கலாம். மேற்கு ஆப்பிரிக்க ஈவே மக்களின் மணியோசையை முதல்முறை கேட்கும் வெளியார் பெரும்பாலும் அடியைத் தவறான இடத்தில்தான் வைப்பார். அங்குள்ள ஆட்டக்காரரின் காலைப் பார்த்தால்தான் பிடிபடும். உண்மைதான். ஆனால் தாளச் சுற்றின் முதல் அடி விடுபட்டால் பிறந்த குழந்தையின் மூளைகூடக் கவனிக்கிறது என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. எதிர்பார்க்கும் திறனோடு பிறக்கிறோம், எங்கே எதிர்பார்ப்பது என்பதைப் பிறரோடு சேர்ந்து கற்கிறோம். இதைவிடக் கனமான மறுப்பு வேறு: சேர்ந்து அசைவது படை அணிவகுப்பும்தான். வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் 1995இல் எழுதிய நூலில் நடனத்தையும் ராணுவப் பயிற்சியையும் ஒரே உணர்ச்சியின் இரு முகங்களாகவே காட்டினார். அணிவகுப்பில் ஒவ்வோர் அடியும் மேலிருந்து சொல்லப்பட்டுவிடுகிறது, க்ரூவில் சில அடிகள் நம்மிடம் விடப்படுகின்றன என்று வேறுபடுத்தலாம். கோடு அவ்வளவு சுத்தமாக விழாது: நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலங்களில் அணிவகுப்பு பேண்டுகளுக்குப் பின்னால் ஆடிவந்த கூட்டத்திடமிருந்துதான் ஃபங்க்கின் ஒரு கிளையே வந்தது. அந்தக் கூட்டம் அணியில் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

க்ரூவ் வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில் நிகழ்வது என்றால் அது யாருக்குச் சொந்தம்? 2015இல் லாஸ் ஏஞ்சலஸ் நடுவர் குழு, ‘பிளர்டு லைன்ஸ்’ பாடல் மார்வின் கேயின் 1977ஆம் ஆண்டுப் பாடலின் உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. ஒரு பாட்டின் மனநிலைக்கும் நடைக்கும் பட்டா எழுதிக்கொடுத்துவிட்டார்கள் என்று இசைக்காரர்கள் பலர் பதறினார்கள். அந்தப் பதற்றத்தில் நியாயம் உண்டு. ஸ்டபிள்ஃபீல்டுக்கு நடந்தது அதற்கு நேர் எதிர். பாடலின் ஆசிரியராக அவர் பெயர் இல்லாததால், உலகமே வெட்டி ஒட்டிய அந்த 20 விநாடியிலிருந்து உரிமைத்தொகை அவருக்கு வரவில்லை. 2017இல் அவர் காலமானார். கேட்பவர்கள் போடும் அடிக்கு அவர் உரிமை கோரமுடியாதுதான். அவர்களுக்கு எந்த இடத்தைக் காலியாக விடுவது என்று தீர்மானித்த கை அவருடையது. அந்தக் கைக்குப் பெயரும் கூலியும் கொடுப்பதற்கு க்ரூவையே ஒருவருக்குப் பட்டா போட்டுக் கொடுக்கவேண்டிய அவசியமில்லை.