லைசென்சும் மனச்சாட்சியும்

வியாபாரத்துக்குச் சர்க்கார் கட்டுப்பாடு விதிக்கிறது. அதை மீறுகிறவன் பாவம் செய்கிறானா? அல்லது அகப்பட்டால் அபராதம் கட்டிவிட்டுக் கணக்குத் தீர்ந்ததென்று இருக்கலாமா? பஞ்சாலையும் பட்டறையும் பனியன் கம்பெனியும் நிறைந்த நம் கொங்கு நாட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. சோற்றுக் கேள்வி.

நடந்ததை முதலில் பார்ப்போம். 1947-ம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1992 வரை அமலில் இருந்தது. அந்நியச் செலாவணி அரிதாயிருந்தபடியால் வெளிநாட்டுச் சரக்குக்குப் பெரும்பாலும் லைசென்சு வேண்டியிருந்தது. சொந்தத் தொழிலுக்கென்று வாங்கிய லைசென்சுகள் இரகசியமாய்க் கைமாறின. இறக்குமதி லைசென்சுகள் முகமதிப்பில் 100 முதல் 500 சதவீதம் வரை விலைபோனதாக 1964-ல் சந்தானம் கமிட்டி குறித்தது. 1991 ஜூலையில்தான் மூலப்பொருள்களுக்கும் இயந்திரங்களுக்கும் இந்தத் தளை பெரும்பாலும் அவிழ்ந்தது.

திருப்பூருக்குக் கட்டுப்பாடு வெளியிலிருந்து வந்தது. 1974 முதல் 2004 முடியும்வரை அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் துணிமணி இறக்குமதிக்கு நாடுவாரியாய்க் கோட்டா வைத்திருந்தன. நம் நாட்டின் கோட்டாவில் ஒரு பங்கு, முன்பு ஏற்றுமதி செய்தவர்களுக்குக் கிடைத்தது. தான் அனுப்பாமல் அதைப் பிறருக்கு விலைக்குக் கொடுத்தவரும் உண்டு.

இனி நியாயத்தை ஆராய்வோம். சில சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டமாட்டா, தண்டனைக்கு மட்டுமே கட்டும் என்று 16-ம் நூற்றாண்டு முதல் அறநூலாசிரியர் பலர் சொல்லி வந்தார்கள். சுங்கச் சட்டம் அவ்வகையைச் சேர்ந்ததே என்று வாதித்தவருமுண்டு. ஆனால் அர்ச். தோமாஸ் அக்வீனாசின் போதனைப்படி, பொதுநன்மைக்காக முறைப்படி இயற்றப்பட்ட நியாயமான சட்டம் மனச்சாட்சியைக் கட்டும். பழைய ஆசிரியரின் சலுகையை ஒப்புக்கொண்டாலும், மூன்று காரியங்களை அது மூடாது. பொய்ப் பத்திரம் எழுதுவது, இலஞ்சம் கொடுத்துப் பிறன் பங்கை வாங்குவது, மூன்றாம் மனிதனுக்கு நஷ்டம் வருவிப்பது ஆகிய இவை எந்தச் சட்டமும் இல்லாவிட்டாலும் பாவமே.

ஒரு திருஷ்டாந்தம் கொள்வோம். பம்பு செட் பட்டறை இல்லாத ஒருவர், இருப்பதாய் எழுதிக்கொடுத்துச் செம்புக்கு லைசென்சு வாங்குகிறார். அதை மும்மடங்கு விலைக்கு விற்கிறார். "நான் யார் வீட்டில் திருடினேன்?" என்கிறார். மெய்யாகவே பட்டறை வைத்திருக்கும் சிறு முதலாளி வைண்டிங் கம்பிக்கு அந்த விலையைக் கொடுக்கவேண்டும். கொடுத்ததை மோட்டாரின் விலையில் ஏற்றுவார். முடிவில் அது தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கும் குடியானவன் தலையில் விழும். ஏற்ற முடியாதவரோ ஆளை நிறுத்துவார். ஆகையால் திருடப்பட்ட வீடு ஒன்றல்ல, பல. அவர் ஏழாம் கற்பனைக்கு விரோதமாய் நடந்தவர். ஈடுசெய்யும் கடன் அவருக்கு உண்டு. அபராதச் சீட்டு அந்தக் கடனைத் தீர்க்காது.

கோட்டாவின் காரியம் வேறு. விதி இடங்கொடுத்தபடி, பொய்யின்றி மாற்றிக் கொடுத்தவரைத் திருடரென்பது நியாயமன்று. ஆயினும் ஒரு சட்டை தைக்காதவர், ராப்பகலாய்த் தைப்பவரின் நெருக்கடியைப் பார்த்து விலையை ஏற்றிக்கொண்டே போனால், சட்டம் அவரைக் குற்றஞ்சாட்டாவிட்டாலும் பேராசை குற்றஞ்சாட்டும்.

"சாமி, சட்டமே விபரீதமானது. கை நனையாமல் காகிதம் நகராது. நான் நேர்மை பார்த்தால் என் நாற்பது ஆட்கள் பட்டினி" என்பார் ஒருவர். இந்த ஆட்சேபத்தை இலேசாய்த் தள்ளலாகாது. தனக்கு நியாயமாய்ச் சேரவேண்டியதைப் பெற வேறு வழியின்றிப் பணம் பறிகொடுப்பவன் வேறு. பிறன் பங்கைப் பறிக்கப் பணம் கொடுப்பவன் வேறு. முந்தினவன் பெரும்பாலும் அநியாயத்துக்கு உட்பட்டவன், பிந்தினவன் அநியாயம் செய்தவன். ஆனால் முந்தினவனும் எளிதில் பிந்தினவனாகிவிடுவான். இந்த வருஷம் நம் பங்குக்கென்று கொடுத்த கை, அடுத்த வருஷம் அடுத்தவன் பங்குக்கும் நீளும். ஆள்பவருக்கும் பொறுப்புண்டு. நல்லவன் கைக்கொள்ளக்கூடாதபடி சட்டம் செய்வோர் அவனைச் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட சட்டத்தைத் தொழிற்சங்கமும் வியாபாரச் சங்கமும் வெளிப்படையாய் எதிர்த்து மாற்ற முயல்வதே நேர்வழி.

லைசென்சுக் காலம் போயிற்று, சோதனை போகவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது திருப்பூர் கலங்கியது. வரி ஏறலாம், இறங்கலாம். அப்படிப்பட்ட நாளில் வேறு நாட்டு முத்திரை குத்தி அனுப்பலாமா, பில்லில் விலையைக் குறைத்து எழுதலாமா என்ற எண்ணம் எவனுக்கும் வரும். அவை பொய். நஷ்டம் முழுவதையும் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணின் கூலியில் கழிப்பதோ பொய்யுமில்லை, சட்டத்துக்குத் தப்பவும் கூடும். ஆனால் அதுவே எல்லாவற்றிலும் கொடியது. லாபம் வந்தபோது கேட்காத பங்கை நஷ்டத்தில் மட்டும் அவள் ஏன் சுமக்கவேண்டும்?

கூட்டு வியாபாரத்தில் பணம் போட்டு வீட்டில் இருப்பவரும் தப்பமுடியாது. பிறன் கையால் வந்தாலும் வட்டியும் லாபமும் நம் வீட்டு அரிசியாகின்றன. ஆகவே கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள்: இந்தக் காகிதத்தில் எழுதியது மெய்யா? இந்தப் பங்கு என்னுடையதா? இதன் நஷ்டம் யார் தலையில் விழும்? மூன்றுக்கும் கூசாமல் விடை சொல்லக்கூடிய வியாபாரத்தைத் தைரியமாய்ச் செய்யுங்கள். சொல்லக்கூடாததை, எவ்வளவு லாபமானாலும், விட்டுவிடுங்கள்.