அயல் மலையும் நம் மலையும்

மலை யாருக்கு உரியது? இக்கேள்வியைச் சட்டம் எழுப்பினால் அரசுப் பதிவேடு விடை கூறிவிடும். மனம் எழுப்பினால் விடை அத்துணை எளிதன்று. பிழைப்பு நாடி வந்து தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிவிட்ட நமக்கு, இக்கேள்வி பெரும்பாலும் ஒரு விடுமுறை நாளில்தான் எழுகிறது.

ஐப்பசித் தொடக்கத்தில் குடும்பத்தோடு நேரல் வரை ரயிலில் சென்று, மாத்தேரான் மலையேறுவோர் நம்மவருள் உண்டு. ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள மலை அது. தஸ்தூரி என்னும் இடத்தோடு கார்கள் நின்றுவிடும். அப்பால் செம்மண் பாதையில் நடக்கலாம். மழை ஓய்ந்த மலைமீது பனிமூட்டம் இறங்குகையில் பள்ளத்தாக்கு மறைகிறது. பத்தடி முன்னே செல்பவர் நிழலாகிறார். பேரன் பாட்டியின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறான். அவ்வேளையில் பெரியவர் ஒருவர் சொல்கிறார்: “இதெல்லாம் ஒரு மலையா? நம்ம குற்றாலம் மாதிரி வருமா?”

அச்சொல்லில் ஊர்ப்பற்று இருக்கிறது. அதனைப் பழித்தல் தகாது. ஆயினும் அருகில் நிற்கும் சிறுவன் அதிலிருந்து கற்பது என்ன? தன் காலடி மண் தனக்கு அயலானது என்பதையே கற்கிறான். குற்றாலத்தையோ அவன் கோடை விடுமுறையில் நான்கு நாள் கண்டவன். ஆகவே இரு மலைகளுக்கும் அவன் விருந்தாளியாகவே வளர்கிறான்.

நம் முன்னோர் மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றனர். இன்ன மலையே குறிஞ்சி என வரையறுத்தாரல்லர். ஐப்பசியும் கார்த்திகையுமாகிய கூதிர்க் காலத்தை அந்நிலத்திற்குரிய பெரும்பொழுதுகளுள் ஒன்றாக வைத்தனர். அக்கண்கொண்டு நோக்கினால் ஐப்பசி மாத்தேரானும் குறிஞ்சியே. மலரும் இதற்குச் சான்றாகும். மும்பையைச் சூழ்ந்த மலைகளில் 2016ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் பூத்த கார்வி, 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்வது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நம் நீலக்குறிஞ்சிக்கு நெருங்கிய உறவுச்செடி.

எனினும், உறவு கண்டபின்தான் ஒரு மலையை நேசிப்போம் என்பது போதாது. அது அயலிடத்திலும் நம் முகத்தையே தேடுவதாகும். நாம் இங்கே அருந்தும் நீரை எண்ணிப் பார்ப்போம். 1860இல் அமைந்த விகார் ஏரியும், 1879இல் அமைந்த துளசி ஏரியும், 1892இல் அமைந்த தான்சா ஏரியும் இந்நாட்டு மலைகளில் பெய்த மழையைத் தேக்கி நமக்கு அளித்து வருகின்றன. ஒருவர் வீட்டில் நாள்தோறும் உண்டு, அவர் பெயரையும் கேளாதிருத்தல் பண்பாகுமா? உரிமை கொண்டாட உறவு வேண்டும். நன்றி பாராட்ட உறவு வேண்டுவதில்லை.

கார்வித் தண்டுகளை நிரைத்து, மண் பூசிச் சுவர் எழுப்பிய தாக்கர், காத்கரிப் பழங்குடியினர் இம்மலைகளை நன்கறிந்தவர்கள். அவர்களிடம் மரத்தின் பெயரையும் ஓடையின் பெயரையும் கேட்டறிதல் நமக்கு இழுக்கன்று. அறிந்து கொள்ளுதலே அந்நன்றியின் முதற்படி.

ஆகவே மலையேறும்போது குற்றாலத்தின் கதையைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லுங்கள்; அது அவர்களுக்குரிய செல்வம். கூடவே, பனியில் நனைந்து நிற்கும் செடியைக் காட்டி, அதன் மராத்திப் பெயரையும் சொல்லுங்கள். தெரியாவிடில் பிள்ளையையே அனுப்பிக் கேட்டுவரச் செய்யுங்கள். மராத்தி அவனுக்கு நம்மைவிட நன்றாகவே வரும்.