கிராதியும் சுவரும்

பழைய ஆலயமொன்றின் வாயிலில் நின்று பீடத்தை நோக்குபவர், ஒன்றன்பின் ஒன்றாக வரும் எல்லைகளைக் காண்கிறார். முதலில் முகமண்டபம். திருமுழுக்குப் பெறாதோரும், பகிரங்கப் பாவத்திற்காகத் தவம் செய்தோரும் தொடக்கத் திருச்சபையில் நின்ற இடம் அதுவே. அதைக் கடந்தால் மக்கள் கூடும் நடுக்கூடம். இலத்தீன் மொழியில் அதற்குக் கப்பல் என்று பெயர். அதன் முடிவில் கிராதி, கிராதிக்கு அப்பால் பீடமுற்றம். கோபுரத்தையும் மணியையும் பாடகர் மேடையையும் பற்றிச் சொல்ல நிறைய உண்டு; அவற்றை இங்கு விட்டுவிடுகிறேன். அனைவருக்கும் தந்தையாகிய இறைவனின் இல்லத்தில் எல்லை எதற்கு என்பதே என் கேள்வி.

எருசலேம் ஆலயத்தில் ஒரு கல் தடுப்பு இருந்தது. அதைக் கடக்கும் புறவினத்தார் உயிரிழப்பர் என்று கிரேக்க மொழியில் அதில் எழுதி வைத்திருந்தனர். அக்கல்வெட்டு 1871-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டது. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கிறிஸ்து தகர்த்த பிரிவினைச் சுவரைப் பற்றிப் படிக்கும்போது அந்தக் கல் நம் நினைவுக்கு வராமல் போகாது. அப்படியானால் கிராதியும் அதே பாவத்தின் எச்சந்தானா?

அல்ல என்பது என் துணிபு. கி.பி. 390-இல் தெசலோனிக்கா மக்கள் கொன்று குவிக்கப்பட்டதற்குப் பேரரசர் தெயோதோசியு பொறுப்பாளியானார். மிலான் ஆயர் அம்புரோசியார் அவரைத் தவம் செய்ய வைத்தார். தவம் முடித்துத் திரும்பிய பேரரசர் காணிக்கை செலுத்திவிட்டுப் பீடமுற்றத்திலேயே நின்றாராம். ஆயரோ திருத்தொண்டர் ஒருவரை அனுப்பி, அவரை மக்களோடு போய் நிற்குமாறு பணித்தார் என்று ஐந்தாம் நூற்றாண்டின் தெயோதொரெத்து எழுதுகிறார். ஆய்வாளர் சிலர் இந்நிகழ்ச்சியின் விவரங்களை ஐயுறுவர். எனினும் அக்காலத் திருச்சபை கிராதியை எவ்வாறு புரிந்துகொண்டது என்பதற்கு இது போதிய சான்று. அது பேரரசனைக் குடிமகன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

கிராதி ஆலயத்தின் குறுக்கே செல்வது. அதன் முன் எல்லாரும் ஒரே வரிசை. ஆலயத்தின் நெடுக்கே, வாயிலிலிருந்து பீடம்வரை ஒரு கோடு போடுங்கள். அப்போது பிரிக்கப்படுவது மனிதனும் மனிதனும். முதற்கோடு இறைவனின் மாட்சியை நினைவூட்டுவதாகச் சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல இறையியலில் இடமே இல்லை.

அந்த இரண்டாம் கோட்டை நாமே போட்டோம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்தில் பீடம் ஒன்று, கூடங்கள் இரண்டு. பீடத்திலிருந்து இரு கால்களாக அவை விரிந்தன. ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடாருக்கும் ஏனையோருக்கும். இடையே சுவர். எருசலேம் கல் மண்ணிலிருந்து வெளிவந்த மறு ஆண்டு இது! சுவர் எழ இசைந்த குருக்கள் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். சுவர் இல்லாவிடில் ஒரு சாரார் பூசைக்கே வரமாட்டார்கள், ஆன்மாக்கள் கெட்டுப்போகும் என்று அஞ்சியிருப்பார்கள். ஆயினும் அந்த அச்சத்திற்கு விலை கொடுத்தவர் யார்? குரு மக்கள் பக்கம் திரும்பி ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’ என்று வாழ்த்தியபோது, அந்த ‘உங்களோடு’ எந்தக் கூடத்தாரைக் குறித்தது?

1910-ஆம் ஆண்டளவில் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தோர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. பீடத்தின் முன் கேட்டுப் பெற முடியாத நியாயத்திற்கு நீதிமன்றத்தின் தீர்ப்பும் தேவைப்பட்டது என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின் பல ஆலயங்களில் கிராதிகள் அகற்றப்பட்டன. அகற்றுமாறு சங்க ஏடு எதுவும் கட்டளையிடவில்லை. காலத்தின் காற்று அப்படி வீசிற்று. அதற்காக நான் அழவில்லை. ஆனால் பண்ணையாரும் கூலியாளும் முழங்கையோடு முழங்கை உரச மண்டியிட்டு நற்கருணை வாங்கக்கூடிய இடமும் அதுவே. அதைப் பெயர்த்தெடுத்த அதே கைகள், சில ஊர்களின் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொன்றாய் நிற்கும் பகுதிகளைத் தொடத் தயங்குகின்றன. அங்கே அடக்கச் சடங்கு நடத்தும் குருவின் கையிலுள்ள செபப்புத்தகம் ஒன்றுதான். எந்தப் பகுதியில் நின்று அதைத் திறக்கவேண்டும் என்பதை மட்டும் ஊர்ப் பெரியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள்.