கால் பங்கு பாவம்

கார்த்திகை மாதம் பிறந்தாலே எனக்கு ஒரு பாட்டியின் ஞாபகம் வந்துவிடும். பெயர் தெரியாது. ஊர் தெரியாது. ஒரே ஒரு முறை, பத்து நிமிடம் பார்த்த முகம்!

அது 2009-ஆம் வருடம். பி.ஏ. தமிழ் முடித்த கையோடு, பத்திரிகை வேலை கிடைக்கும்வரை வீட்டுக்குப் பாரமாக இருக்க வேண்டாமே என்று, சென்னையில் பெரிய கோயில் ஒன்றின் மாட வீதியில் பூஜைப் பொருட்கள் விற்கும் கடையில் சேர்ந்திருந்தேன். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, பஞ்சபாத்திரம், தூபக்கால், கைமணி என்று எங்கள் பக்கம் முழுக்கப் பித்தளைச் சாமான்கள். வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாலும் பித்தளை வாசனை கையைவிட்டுப் போகாது.

என்னோடு அதே பக்கத்தில் நின்றவர், என்னைவிட இருபது வயது மூத்த ஓர் அக்கா. தொழிலில் கெட்டிக்காரி. விளக்கைக் கையில் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார். ஆனால், நாக்கு? பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருபவர்களுக்கு ஒரு குரல்; வெளுத்துப்போன நூல் புடவைக்கு வேறு குரல்.

திருக்கார்த்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பாட்டி வந்தார். சின்னக் காமாட்சி விளக்கு ஒன்றைக் கையில் எடுத்து, “ஏம்மா, இது எண்ணெய் கசியாம இருக்குமா?” என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. பாட்டி அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதே கேள்வி. மூன்றாவது, நான்காவது...

“இந்தா பாட்டி, வாங்கறதா இருந்தா எடு. சும்மா தடவிப் பார்த்துட்டுப் போறதுக்குக் கடை வெச்சிருக்கல. கையில காசு இருக்கா மொதல்ல?”

பாட்டியின் கை, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பைக்குப் போனது. பாதியிலேயே நின்றது. பிறகு அந்த விளக்கை, தூங்கும் குழந்தையைக் கீழே விடுவதுபோல மெள்ள வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திரிக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ‘நான் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசவில்லையே... பேசினது அவர்தானே? எனக்கு எதற்கு மனசு உறுத்த வேண்டும்?’ என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை.

இந்தக் கேள்விக்கு மகாபாரதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்த அந்தக் கொடுமையான நாளில், அவள் நியாயம் கேட்டாள். பீஷ்மரோ தர்மம் நுட்பமானது என்று சொல்லித் தெளிவான தீர்ப்பைத் தராமலே இருந்துவிட்டார். துரோணரும் வாய் திறக்கவில்லை. துரியோதனனின் தம்பிகளில் ஒருவனான விகர்ணன் மட்டும் எழுந்து நின்று, நடப்பது அநியாயம் என்றான். அவனை, ‘சின்னப் பையன்’ என்று கர்ணன் அடக்கிவிட்டான். அப்போது விதுரர் எழுந்து, பிரகலாதனுக்குக் காசியபர் சொன்ன தர்மத்தைச் சபைக்கு நினைவுபடுத்துகிறார். கண்டிக்க வேண்டிய ஒன்றைச் சபை கண்டிக்காமல் இருந்தால் அந்தப் பாவம் எப்படிப் பிரியும்? பாதி, சபைக்குத் தலைவனாக இருப்பவனுக்கு. கால் பங்கு, செய்தவனுக்கு. மீதிக் கால் பங்கு, கண்டிக்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு!

கவனித்தீர்களா? செய்தவனுக்கும் கால் பங்குதான். சும்மா இருந்தவர்களுக்கும் கால் பங்குதான். துரியோதனன் சபையையும் பித்தளைக் கடையையும் ஒன்றாக வைத்துப் பேசுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால், கூனிக்குறுகிப் போன அந்தப் பாட்டிக்கு, சபை சின்னதா பெரிதா என்பதில் என்ன வித்தியாசம்?

கணக்கில் பாதியை மறந்துவிடக் கூடாது. தலைவனுக்குப் போகும் அந்தப் பாதி! காலை ஒன்பது மணிக்கு நிற்க ஆரம்பித்தால், இரவு ஒன்பதரைக்குக் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். எங்களுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. சுவரில் சாய்ந்தாலே, கல்லாவிலிருந்து முதலாளியின் குரல் வரும். ‘ஏய்’ என்றுதான் அக்காவைக் கூப்பிடுவார், அதுவும் வாடிக்கையாளர்கள் எதிரிலேயே. அவர் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டிருக்கும். சாயங்காலமானால் பாதம் வீங்கிச் செருப்பு ஏறாது. தன்மேல் விழுந்ததைத்தான் அவர் அடுத்தவர்மேல் கொட்டினார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-ல் சட்டம் வந்தது. தமிழகத்திலும் 2021-ல் கடைகள், நிறுவனங்களுக்கான சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்று ஆக்கினார்கள். அக்காவின் கால்களுக்கு அது எத்தனை வருடம் தாமதம்!

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காவின் முக்காலியைப் பாட்டி பிடுங்கிக்கொள்ளவில்லையே! நம் வலிக்குக் காரணமே இல்லாத ஒருவரிடம் அதைத் தீர்த்துக்கொள்வதை, வலியின் பெயரால் நியாயப்படுத்த என்னால் முடியவில்லை.

‘முதலாளியிடம் சொல்லியிருக்கலாமே?’ என்று என் அம்மாவே கேட்டார். யோசித்தேன். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அக்காவை நாலு பேர் எதிரில் நிற்க வைத்துத் திட்டியிருப்பார். ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்திருப்பார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பெண் ஒருத்தி இருந்தாள். திருக்குறளில் ‘இனியவை கூறல்’ பத்தாவது அதிகாரம். ‘புறங்கூறாமை’ பத்தொன்பதாவது. முகத்துக்கு நேரே கடுமையாகச் சொன்னாலும் சொல்லலாம், ஆள் இல்லாத இடத்தில் சொல்லாதே என்பது வள்ளுவரின் கட்சி. கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தபோது, முகத்துக்கு நேரே சொல்வது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று எனக்குத் தெரியாது. எடையில் ஏமாற்றுகிறார், காசில் கை வைக்கிறார் என்றால் விஷயம் வேறு. நேராகக் கல்லாவுக்குத்தான் போயிருப்பேன். கடுஞ்சொல்லுக்கு, முதலில் அவரிடமே போவதுதான் முறை என்று தோன்றியது. அவர் கேட்காமல் போனால், ‘சொல்லப் போகிறேன்’ என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பிறகு மேலே போகலாம்.

ஆனால், அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெண்ணாகடத்துக் கலிக்கம்ப நாயனார்! சிவனடியார்களைப் பாதம் கழுவி, அமுது படைத்து உபசரிப்பவர் அவர். ஒருநாள் வந்த அடியார், முன்பு அவரிடமே வேலை பார்த்து விட்டுப் போனவர். அடையாளம் தெரிந்த மனைவி, தண்ணீர் வார்க்கத் தயங்கினாள். நாயனார் அவள் கையையே வெட்டிவிட்டார் என்கிறது பெரிய புராணம். படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பதறும். அந்த அம்மாளுக்காக மனசு அடித்துக்கொள்ளும். அந்தக் கோபம் நமக்கு வேண்டவே வேண்டாம். ஆனால், அடுத்து அவர் செய்ததைப் பாருங்கள்... கரகத்தைத் தானே எடுத்து நீர் வார்த்து, அந்த அடியாரின் பாதத்தைக் கழுவினார். வந்தவருக்குச் சேர வேண்டிய மரியாதை பாதியில் நிற்கவில்லை.

நான் திரிக் கட்டை வைத்துவிட்டு இரண்டு அடி நகர்ந்து, “பாட்டி, இங்க வாங்க, நான் காட்டறேன்” என்று சொல்லியிருந்தால் போதும். சண்டையும் வேண்டாம், புகாரும் வேண்டாம். அந்த இரண்டு அடியைத்தான் நான் நகரவில்லை.

மூன்றாம் நாள், டீ குடிக்கப் பின்கட்டுப் படிக்குப் போனபோது மெதுவாக ஆரம்பித்தேன். “அக்கா... அன்னிக்கு ஒரு பாட்டி வந்தாங்களே, பாவமா இருந்துச்சு. நீங்க அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நீ படிச்ச பொண்ணு. ஆறு மாசத்துல வேற வேலைக்குப் போயிடுவ. நான் இங்கயேதான் நிக்கணும். எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?”

நாலு நாள் என்னோடு பேசவில்லை. அவர் சொன்னதிலும் பொய் இல்லை. எட்டாவது மாதம் நான் போய்த்தான் விட்டேன்.

அதுவரை என்னால் முடிந்தது ஒன்றுதான். தயங்கித் தயங்கி யாராவது படியேறினால், “அக்கா, நீங்க இருங்க, நான் பார்க்கறேன்” என்று முந்திக்கொள்வேன். அக்கா ஒன்றும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால், கொஞ்ச நாளில் அவரே, “இந்தப் பொண்ணுகிட்டக் கேளுங்க” என்று அப்படிப்பட்டவர்களை என் பக்கம் திருப்பிவிட ஆரம்பித்தார். அது குத்தலா, நிம்மதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

‘நாங்கள் வேலைக்கே போவதில்லை, எங்களுக்கு எதற்கு இது?’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வாசலில் கீரைக்காரம்மாவை நம் வீட்டுப் பெரியவர் யாராவது ‘திருட்டுக் கூட்டம்’ என்று சொல்லும்போது, நாம் உள்ளே கீரை ஆய முறத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோமே... அதுவும் சபைதான். ‘அவர் எப்பவும் அப்படித்தான்’ என்று நாம் தள்ளிவிடுகிற வாக்கியத்தைக் கீரைக்காரம்மா தலையில் கூடையோடு சுமந்துகொண்டு போகிறார்.

அந்தக் கார்த்திகை முழுக்கத் தெருவைப் பார்த்தபடியே நின்றேன். பாட்டி திரும்பி வரவேயில்லை.

நான் வேலையை விடப்போகும் சமயம், அம்மாவுக்காக அதே மாதிரிச் சின்னக் காமாட்சி விளக்கு ஒன்றை எடுத்தேன். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கினார். உள்ளே தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாளை மடித்து அதன்மேல் வைத்தார். “கொஞ்ச நேரம் இருக்கட்டும். வார்ப்புல ஊசித் துளை இருந்தா பேப்பர் நனைஞ்சிடும். எண்ணெய் கசியுமா கசியாதான்னு இப்படித்தான் பார்க்கணும்” என்றார்.

பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது.